முசோண்டாவின் கோட்டு

மோப்பநடைக்கு மூன்று நாள் முன்பிருந்தே லுசெங்கா ஊரில் யாரும் குளிப்பதில்லை. குளித்தவன் எதையோ கழுவிவிட்டான் என்று அர்த்தம். சோப்பு வாசனையோடு ஒருவர் தெருவில் நடந்தால் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மறுநாளே பூங்கா அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார். தினமும் போடும் உடுப்பையே போட்டு வர வேண்டும் என்பதும் விதி. புதுச்சட்டையில் வந்தவன் பழைய சட்டையை எங்கே ஒளித்தான் என்று பதில் சொல்லியாக வேண்டும்.

இத்தனையும் யானைகளுக்காக.

ஜாம்பியாவின் கிழக்குப் பள்ளத்தாக்கில் இருக்கிறது லுவாசி தேசியப் பூங்கா. அங்குள்ள யானைகள் மனிதர்களுக்குப் பெயர் வைத்திருக்கின்றன என்பதைப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்தவர் டாக்டர் பூங்கோதை. வால்பாறைக்காரர், கால்நடை மருத்துவர். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த முனகலில் பேசிக்கொள்கின்றன. யானைகளின் கழுத்துப்பட்டையில் அவர் பொருத்திய பெயர்க்கேளி என்ற கருவி அந்த முனகலைப் பிடித்தது. யாருடைய வாடை வந்தபோது எந்த முனகல் எழுந்தது என்று பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் கொடுத்தது. தம் கூட்டத்தில் ஒன்றைக் கொன்றவரின் பெயரைச் சொல்லும்போது மட்டும் யானைகள் அடியில் ஒரு நீண்ட இழுவையைச் சேர்த்தன. அதற்குப் பகைச்சுரம் என்று பெயரிட்டவரும் பூங்கோதைதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் யானையின் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லும் என்று சட்டம் வந்தது. மூன்று மோப்பநடைகளில் பகைச்சுரத்தோடு பெயர் சொல்லப்பட்டால் பன்னிரண்டு வருடம் சிறை. வேட்டை நின்றுபோனது. பூங்காவை நடத்தும் அறக்கட்டளை ஊருக்கு மருத்துவமனை கட்டியது, பள்ளிக்கூடம் கட்டியது, யானை நுழையாத தேனீ வேலி போட்டுத் தந்தது. பதிலுக்கு ஊரிடம் கேட்டது ஒன்றுதான்: அறக்கட்டளை சொல்லும் நாளில் எல்லாரும் யானைகள் முன்னால் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். அதுதான் மோப்பநடை.

அதனால் ஊருக்கு நிம்மதி வந்ததா என்றால், அது வேறு கதை. யானை பொய் சொல்லாது என்று ஆன பிறகு மனிதர்களுக்கு ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

ஜூன் மாதக் காலை. அந்தப் பக்கத்தில் அது குளிர்காலம். பூங்கோதை வண்டியிலிருந்து இறங்கியதும் வழக்கம்போலக் குப்பியிலிருந்து கிருமிநாசினியை ஊற்றிக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். பதினொரு வருடப் பழக்கம். விலங்குகளை நெருங்கும் முன்பும் பின்பும் அந்த மருந்து வாடை அவர் மேல் இருக்கும். குளிக்காத விதி, நடைக்குச் சான்று தரும் சான்றாளரான அவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது மோப்பநடைக்குச் சான்றாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முசோண்டா என்ற தேன்காரர் மேல் ஏற்கெனவே இரண்டு முறை பகைச்சுரம் விழுந்திருந்தது. இன்றைக்கும் விழுந்தால் அவர் நேராகச் சிறைக்குப் போவார்.

"ஓடிருவானோன்னு ரெண்டு நாளாக் காவல் போட்டிருக்கேனுங்க டாக்டர். ஆனா ஓடலை. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்குது" என்றார் லொம்பே. பூங்காவின் காவல் அதிகாரி, நாற்பது வயது, சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர், அதில் குறை வைக்காதவர்.

அவர் பேசியது ஆங்கிலம் கலந்த பெம்பா மொழியில். பூங்கோதை காதில் மாட்டியிருந்த மொழிக்காது அதைக் கொங்குத் தமிழாக்கித் தந்தது. வாங்கிய அன்று விளையாட்டாக அந்தப் பேச்சைத் தேர்ந்தெடுத்திருந்தார். அன்றிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் பொள்ளாச்சிச் சந்தையாகிவிட்டது. அவர் தமிழில் சொன்னதைக் கழுத்தில் தொங்கிய பெட்டி பெம்பாவில் சொன்னது.

வழக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்த பூங்கோதை ஒரு பக்கத்தில் நின்றார். முசோண்டாவுக்கு யானைகள் சொல்லும் பெயர் எண் 212. அது முதலில் பதிவானது எட்டு வருடத்துக்கு முன், ஒரு பெண் யானை சுடப்பட்ட வாரத்தில். முசோண்டாவுக்கு இப்போது வயது இருபத்து நான்கு. அப்போது அவர் மாகாணத் தலைநகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பையன்.

"இதைப் பாத்தீங்களா?"

லொம்பே பார்த்தார். "லீவுல வந்து சுட்டிருப்பான்."

ஊர்த்தலைவி சிலேஷே தேனீ வேலியின் ஓரம் கூடி நின்ற ஊராருக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. பூங்கோதை வந்ததும் எழுந்து இரண்டு கைகளையும் மெல்லத் தட்டி வணக்கம் சொன்னார். ஆனால் முகத்தில் வரவேற்பு இல்லை. பக்கத்தில் முசோண்டா நின்றிருந்தார், ஒல்லியான உடம்புக்கு இரண்டு சுற்றுப் பெரிதான கறுப்புக் கம்பளிக் கோட்டில். அதில் ஒரு பொத்தான்கூட இல்லை.

பூங்கோதை சுற்றி வளைக்காமல் கேட்டார். "அந்த ஆனையைக் கொன்னது யாருங்க?"

"நான்தானுங்க" என்றார் முசோண்டா.

"எப்போ?"

"மழை பொய்ச்ச வருசம். ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒரே குண்டு."

"அந்த வாரம் பூராவும் நீங்க டவுன்ல பள்ளிக்கூடத்துல இருந்திருக்கீங்க. வருகைப் பதிவு இருக்குது."

"அங்கேயும் இருந்தேனுங்க."

லொம்பே பல்லைக் கடித்தார். "கேட்டீங்களா? கிறுக்கன் வேசம் போடறான்."

"வேசம் இல்லீங்க" என்றார் சிலேஷே. "இவன் பொறந்தப்ப வெச்ச பேரு பௌலோ. போன வருசம் வரைக்கும் டவுன்லதான் இருந்தான். போன வருசம் இவன் தாய்மாமன் முசோண்டா செத்துப்போனாரு. எங்க முறையில செத்தவங்களை அப்படியே போக விட மாட்டோம். அவரு கோட்டை மருமகனுக்குப் போட்டு, கையில தண்ணி கொடுத்து, இனி நீதான் முசோண்டான்னு சொல்லிருவோம். மாமனோட மூணு பசங்களும் இவனை அப்பான்னுதான் கூப்பிடறாங்க. அவரும் நானும் ஒரே வயசு. அதனால இந்தப் பையன் என்னைப் பேரு சொல்லித்தான் கூப்பிடறான். நானும் திரும்பிப் பாக்கறேன்."

பூங்கோதைக்குப் புரிந்தது. மோப்பநடைச் சட்டம் வந்தபோது மாமன் படுத்த படுக்கை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. அவர் ஒருமுறைகூட யானைகள் முன் நடந்ததில்லை. இப்போது அவருடைய கோட்டு நடக்கிறது.

"அப்போ கொன்னது உங்க மாமன். நீங்க இல்லை" என்றார் முசோண்டாவிடம்.

"மாமன்னு தனியா யாரும் இல்லீங்க. நான் இருக்கேன்."

"பன்னெண்டு வருசம் ஜெயிலுங்க."

"தெரியுமுங்க. பயமாத்தான் இருக்குது." அவர் விரல்கள் கோட்டின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டன. "ஆனா நான் கொல்லலைன்னு சொன்னா, நான் முசோண்டா இல்லைன்னு ஆயிரும். அப்புறம் அந்தப் பசங்களுக்கு அப்பன் யாருங்க? அவங்க ஏற்கெனவே ஒருவாட்டி அப்பனைப் பொதைச்சிட்டாங்க."

பூங்கோதைக்கு எரிச்சல் வந்தது. இத்தனை தெளிவாகத் தப்பிக்க வழி இருக்கும்போது அதில் கால் வைக்க மாட்டேன் என்கிறவரைப் பார்த்தால் வேறு என்ன வரும். "கோட்டைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை நடங்க, போதும்."

"ஊரு முன்னாடி கழட்ட முடியாதுங்க."

"வாடை, கோட்டுன்னு கதை கட்டாதீங்க டாக்டர்" என்றார் லொம்பே. "இதை விட்டா நாளைக்கு எல்லாரும் ஒரு கோட்டோட வருவாங்க."

சிலேஷே மேசை மேலிருந்த திரையைச் சுட்டினார். பெயர்க்கேளி பிடித்த ஒவ்வொரு பெயரும் அதில் ஒரு வரியாக ஓடும். எல்லாவற்றுக்கும் அடியில் எண் இல்லாத ஒரு சாம்பல் வரி இருந்தது, வெறுமையாக.

"அது என்னங்க?"

"இரைச்சல்" என்றார் பூங்கோதை. "கழுத்துப்பட்டையில இருந்து வர்ற சத்தம். குளிர், பேட்டரி, இப்படி ஏதாவது. தேவையில்லாததுன்னு வடிகட்டி வெச்சிருக்கோம்."

"தேவையில்லைன்னு யாரு முடிவு பண்ணினது?"

"நான்தான்."

சிலேஷே திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினார். "எங்களை மூணு நாளு குளிக்காம நிறுத்தி வெக்கறீங்க அம்மணி. உங்க பொறி குளிச்சிட்டு வந்திருக்குதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு வடிகட்டாமக் காட்டுங்க."

"அப்படியெல்லாம் விதி இல்லை" என்று லொம்பே தொடங்கினார். பூங்கோதை கை காட்டி நிறுத்தினார். தன் பொறியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. திரையைத் தட்டி வடிகட்டியை எடுத்துவிட்டார். சாம்பல் வரியில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடத் தொடங்கியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் முசோண்டா பக்கம் திரும்பினார். தோளைக் குறுக்கிக்கொண்டார், நடிக்கத் தேவையில்லாத குளிர்தான். "முசோண்டா, எனக்கு ரொம்பக் குளிருதுங்க. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் கொடுக்கறீங்களா?"

முசோண்டா ஊர்த்தலைவியைப் பார்த்தார்.

சிலேஷேயின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "விருந்தாளி குளிருதுன்னு கேட்டா கோட்டைக் கொடுக்கறது எங்க வழக்கந்தானுங்க. முசோண்டா கொடுக்கறாரு. முசோண்டாவாவே கொடுக்கறாரு. எல்லாரும் பாத்துக்குங்க."

"இது ஏமாத்து வேலை" என்றார் லொம்பே.

"விருந்தோம்பலுங்க" என்றார் சிலேஷே.

காற்று ஆற்றைக் கடந்து யானைகள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அக்கரையில் உப்புத் திட்டில் பதினான்கு யானைகள் நின்றன. கூட்டத்தின் மூத்த பெண் யானையை ஊரில் எல்லாரும் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்கள். மொழிக்காது அதை ஜட்ஜம்மா என்று சொன்னது. இக்கரையில் கயிறு கட்டிய பாதை. வெறும் சட்டையோடு முசோண்டா அதில் நடந்தார். நடுவில் நின்று, விதிப்படி பத்து எண்ணினார்.

ஜட்ஜம்மா துதிக்கையைத் தூக்கியது. காற்றைத் துழாவியது. இறக்கிக்கொண்டது.

திரையில் புதிதாக ஓர் எண் வந்தது: 388. பகைச்சுரம் இல்லை. கோட்டு இல்லாத அவர் வாடையை யானைகள் அன்றுதான் முதன்முதலாகப் பிடித்திருந்தன.

முசோண்டா திரும்பி வந்தபோது வேலியோரம் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். ஒருவர் சிரித்துக்கூட விட்டார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அப்போ ஆனை சொல்லுச்சுன்னு ஜெயில்ல இருக்கற ஒம்போது பேரு?"

சிரிப்பு நின்றது. "இங்க பாதிப் பேரு யாரோ ஒருத்தரோட உடுப்புலதான் இருக்கோம்" என்றார் சிலேஷே மெதுவாக. "அவங்கள்ல எத்தனை பேருன்னு யாரு கேட்டீங்க?"

லொம்பேயின் முகம் கறுத்தது. அந்த ஒன்பது பேரையும் பிடித்தவர் அவர்தான். "ஆனை சும்மா இருந்தா ஆச்சுங்களா? அதுக்கு இன்னிக்கு ஜலதோசமா இருக்கலாம். கோட்டுதான் காரணம்னா கோட்டைப் போட்டுட்டு நீங்க நடங்க டாக்டர். 212 வந்தா நம்பறேன்."

நியாயமான சோதனை. பூங்கோதை ஒப்புக்கொண்டார். பதினொரு வருடத்தில் அவர் அந்தக் கயிற்றுப் பாதையில் ஒருமுறைகூட நடந்ததில்லை. எப்போதும் பின்னால், திரைக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

கோட்டில் புகை வாடையும் கருவாட்டு வாடையும் தேன் வாடையும் அடித்தன. நடுவில் நின்று எண்ணத் தொடங்கினார். மூன்று எண்ணுவதற்குள் ஜட்ஜம்மா தலையைத் திருப்பியது. பின்னால் லொம்பேயின் குரல் கேட்டது. "212. பகைச்சுரம் இருக்குது." பூங்கோதைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மனிதர் காப்பாற்றப்பட்டுவிட்டார், அதுவும் அறிவியலால்.

ஐந்து, ஆறு. யானைகள் அசைந்தன. பெரியவை வெளியே வந்து தோளோடு தோள் சேர்த்து நின்றன. குட்டிகள் நடுவில் மறைந்தன. ஜட்ஜம்மா தண்ணீருக்குள் இரண்டடி எடுத்து வைத்தது. காதில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பூங்கோதையின் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எட்டுக்கு மேல் அவரால் எண்ண முடியவில்லை.

திரும்பி வந்தபோது யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 212-க்கு அடியில் சாம்பல் வரி, மற்ற எல்லா வரிகளையும்விட உயரமாக எழுந்து நின்றது. அதன் அடியில் பகைச்சுரத்தின் நீண்ட இழுவை.

"இது பட்டையோட சத்தம்னீங்க" என்றார் சிலேஷே.

"ஆமாங்க."

"பட்டைக்கு உங்க மேல என்னங்க பகை?"

சிலேஷே லொம்பே பக்கம் திரும்பினார். "முசோண்டா நடந்த மத்த ரெண்டு தடவையும் எடுங்க. அம்மணி வந்திருந்தாங்களா?"

லொம்பே வேண்டா வெறுப்பாகத் திரையைத் தள்ளினார். போன அக்டோபரில் பூங்கோதை வரவில்லை. சாம்பல் வரி வெறுமையாக இருந்தது. பிப்ரவரியில் வந்திருந்தார், வரி நிறைந்திருந்தது. சந்தேகப்படுகிறவருக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது. லொம்பே இன்னும் பின்னால் போனார். நான்கு வருடம், ஏழு வருடம். பூங்கோதை வந்த நாளெல்லாம் இருந்தது, வராத நாளெல்லாம் இல்லை. கடைசியில் முதல் வருடத்தின் முதல் வாரத்தில் போய் நின்றார். பெயர்க்கேளி தன் வாழ்நாளில் பிடித்த முதல் பெயர் அதுதான். தான் திரைக்கு முன் இருக்கும்போதெல்லாம் கூடவே கேட்டதால் அதைப் பெயர் என்று பூங்கோதை நினைக்கவில்லை. இரைச்சல் என்று குறித்து ஒதுக்கிவிட்டார்.

அந்த வாரம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் கழுத்துப்பட்டை. மயக்க ஊசி போட்டதும் தாய் யானை நாலு எட்டு ஓடி ஆற்றோரச் சேற்றில் சரிந்தது. ஒரு மாதக் குட்டி அதன் அடியில் இருந்தது. எழுப்ப ஊசி போட்டு, தாய் எழுந்தபோது, குட்டி எழவில்லை. அறிக்கையில் ஒரே வரி எழுதினார்: எதிர்பாராத இழப்பு, பணி தொடர்கிறது. தாய் யானையின் எண்ணையும் எழுதினார். ஜட்ஜம்மாவின் எண் அது.

லொம்பே அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். அவர் குரலில் முதல் தடவையாகக் கெஞ்சல் இருந்தது. "வடிகட்டியைத் திரும்பப் போட்டுரலாமுங்க டாக்டர். இருபது பூங்காவுல இந்தப் பொறி இருக்குது. எல்லா இடத்துலயும் மயக்க ஊசி போட்ட டாக்டர் இருப்பாங்க, எல்லாப் பொறியிலயும் ஒரு சாம்பல் வரி இருக்கும். இது வெளிய போனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சொல்வது சரிதான் என்று பூங்கோதைக்குத் தோன்றியது. ஒரு தட்டு, வரி மறைந்துவிடும். ஊர்க்காரர்கள் சொன்னால் யார் கேட்பார்கள்?

முசோண்டா கோட்டை வாங்கிக்கொள்ள வந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகு, குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார். "அந்த ஆனைக் குட்டியைக் கொன்னது நீங்களாங்க?"

லொம்பேயோடு பேசியது அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் ஜட்ஜம்மாவின் குட்டி செத்த கதை பள்ளத்தாக்கில் யாருக்குத்தான் தெரியாது.

"அது வந்துங்க, அப்போ மருந்தோட அளவு யாருக்கும் சரியா" என்று தொடங்கிய பூங்கோதை பாதியில் நின்றார். முசோண்டா பொறுமையாகக் காத்திருந்தார். காலையில் இதே கேள்வியை இவரிடம் கேட்டபோது, வேறொருவர் சுட்ட குண்டுக்கு ஒரே சொல்லில் பதில் சொன்ன மனிதர். பூங்கோதைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தானுங்க" என்றார்.

முசோண்டா தலையசைத்தார்.

பூங்கோதை மேசைக்குப் போனார். முசோண்டாவின் சான்றிதழில் பகையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது வழக்குகளையும் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அதன் அடியில் எழுதினார். பிறகு சாம்பல் வரியைத் தொட்டு, எண் என்ற இடத்தில் 1 என்றும், பெயர் என்ற இடத்தில் தன் பெயரையும் பதித்து, இருபது பூங்காக்களுக்கும் அனுப்பினார். லொம்பே பார்த்துக்கொண்டே நின்றார்; தடுக்கவில்லை. இனி யாரைச் சந்தேகிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிலேஷே வண்டி வரை கூடவே வந்தார். "இதை ஒண்ணாவது நடைன்னு எழுதிக்கறேனுங்க அம்மணி. அடுத்தது அக்டோபர்ல. வரிசையில நிக்கோணும்."

"வர்றேனுங்க."

"மூணு நாளைக்கு முன்னாடி இருந்தே" என்று சிலேஷே தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

பூங்கோதை வண்டியில் ஏறினார். கை தானாகக் கிருமிநாசினிக் குப்பியை எடுத்தது. மூடியைத் திருகித் திறந்தும் விட்டது. நிமிர்ந்து பார்த்தார். வேலியோரம் ஊர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. சிலேஷே, கோட்டில் முசோண்டா, சற்றுத் தள்ளி லொம்பே. எல்லாரும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியைத் திருகி மூடினார். குப்பியை எல்லார் கண்ணிலும் படும்படி வண்டியின் முன்பலகையில் வைத்துவிட்டு, கழுவாத கைகளோடு வண்டியைக் கிளப்பினார்.